அண்ணன் கன்சர்வேடிவ் ஆகிவிட்டார் என்றால் என்ன பொருள்?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. டெக்சாஸில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் இப்போது தன்னைக் கன்சர்வேடிவ் என்று சொல்லிக்கொள்கிறார். வரி குறைய வேண்டும், துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை, கருக்கலைப்பு கூடாது, எல்லையை அடைக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் வாதிடுகிறார். இந்த நான்கும் ஒன்றோடொன்று எப்படி ஒட்டும் என்று முதலில் கேட்கிறீர்கள். விசாவில் போனவரே குடியேற்றத்தை எதிர்ப்பது எப்படி என்று அடுத்து கேட்கிறீர்கள். பழமைவாதி என்றால் நம் ஊரில் சாதி பார்ப்பவர்தானே, அண்ணனும் அப்படி ஆகிவிட்டாரா என்று மூன்றாவதாகக் கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “இதில் ஏதாவது கொள்கை இருக்கிறதா, அல்லது பிடிக்காதவர்களின் பட்டியல் மட்டும்தானா?” என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களை உறுத்துவது அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தஞ்சை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியலை முப்பத்தொரு ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவன். அரசியல் சிந்தனையின் வரலாறு என் பாடம். தேர்தல் கணிப்பு எனக்குக் கைவராது. அமெரிக்க அரசியலை நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன், அங்கே வாழ்ந்தவன் அல்லன். டல்லஸில் அண்டை வீட்டார் வேலியோரம் நின்று என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது உங்கள் அண்ணனுக்குத்தான் தெரியும். என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன்: வாக்குச்சாவடியில் நான் பழமைவாதி அல்லன். ஆனாலும் பழமைவாதிகளைக் கேலிச்சித்திரமாக வரைந்து காட்டி மாணவர்களைச் சிரிக்கவைப்பதை வேலையில் சேர்ந்த நாலைந்து ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு பேச்சு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கன்சர்வேடிவ் என்பதைத் தமிழில் ‘பழமைவாதி’ என்று எழுதுகிறோம். பாதிக் குழப்பம் இந்த மொழிபெயர்ப்பிலேயே தொடங்குகிறது. மூலச் சொல்லில் பழமை என்ற பொருளே இல்லை. காப்பாற்றுதல் என்ற பொருள்தான் இருக்கிறது. பிரிட்டனில் 1830-களில் ஒரு கட்சி பெருமையோடு தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர் அது, இன்றும் அதே பெயரில் இயங்குகிறது. நம்மிடம் பழமைவாதி என்பது வசையாகவே வளர்ந்தது. விதவைக்கு மறுமணம் கூடாது என்றவர், எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்று அளந்தவர் எல்லோரையும் அந்த ஒரு சொல்லில் அடைத்தோம். தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் தன் பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளாது. உங்கள் அண்ணன் ஆங்கிலத்தில் சொல்வதும் நீங்கள் தமிழில் கேட்பதும் வேறு வேறு சொற்கள். வீட்டுச் சண்டை பாதி அங்கேயே பிறந்திருக்கும்.

இப்போது அந்தப் பேச்சு. இந்தச் சிந்தனைக்குத் தந்தை என்று எல்லாப் பாடநூல்களும் காட்டுபவர் எட்மண்ட் பர்க். அயர்லாந்தில் பிறந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதியதற்காக அறியப்படுபவர். வகுப்பில் நான் அதிலிருந்து தொடங்குவதில்லை. ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1785 பிப்ரவரி 28 அன்று, ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி அவர் ஆற்றிய உரையிலிருந்து தொடங்குவேன். நவாப் முகமது அலி வாலாஜாவுக்குப் பால் பென்ஃபீல்டு போன்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். அதில் எது மெய்க்கணக்கு, எது கள்ளக்கணக்கு என்று விசாரிக்காமலே, கர்நாடிக் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பகுதியின் வரிப்பணத்திலிருந்து அதை அடைக்க லண்டன் அரசு இசைந்தது. பர்க் கொதித்தார். அந்தப் பேச்சின் நடுவில் நம் ஏரிகளுக்கு வருகிறார். கர்நாடிக்கிலும் தஞ்சையிலுமாகப் பெரியதும் நடுத்தரமானதுமாய்ப் பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாது என்கிறார். அவற்றை உண்டாக்கியவர்களே உண்மையான அரசர்கள், தாங்கள் கண்ணால் காணப்போகாத தலைமுறைகளைச் சொந்தப் பிள்ளைகளாக வரித்துக்கொண்டு உயில் எழுதிவைத்தவர்கள் என்கிறார். இந்தியாவில் ஒருநாளும் கால்வைக்காத மனிதர் சொன்னது இது. (வில்லியம் பர்க் என்ற அவருடைய நெருங்கிய உறவினர் தஞ்சை அரசருக்கு முகவராக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சில் சொந்த நலன் துளியும் கலக்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.)

எனக்குத் தெரிந்தவரை கன்சர்வேடிவ் சிந்தனையின் மூலக்கரு இந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறது. கையில் இருப்பது நாம் சம்பாதித்தது அன்று. முன்னோர் விட்டுப்போனது, பின்னால் வருபவர்களுக்குச் சேர வேண்டியது. இடையில் நாம் சிறிது காலம் பொறுப்பில் இருக்கிறோம். ஒரு தலைமுறை தன் அறிவை மட்டும் நம்பி அதைக் கலைத்துப் போடலாகாது. ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்குக் கலங்கல் தெரியும்: கரையைவிடத் தாழ்வாக, உபரி நீர் வழிந்தோட விட்டிருக்கும் இடம். நிறைந்த ஏரியில் அதன் வழியே தண்ணீர் போவதைப் பார்க்கிற புதியவருக்கு ‘வீணாகிறதே’ என்றுதான் தோன்றும். இரண்டு வரிசைச் செங்கல் வைத்து உயர்த்தினால் இன்னும் நான்கு ஏக்கர் பாயுமே என்று கணக்குப் போடுவார். கணக்கு சரிதான். அடுத்த ஐப்பசி அடைமழையில் கரையே உடைத்துக்கொண்டு போகும். காரணம் தெரியாத ஒன்றைக் காரணம் இல்லாதது என்று நினைக்காதே என்பதுதான் பழமைவாதியின் வலுவான வாதம். அதைக் கேட்காமல் இடித்துவிட்டுப் பின்னால் அழுத ஆட்சிகள் இடதிலும் வலதிலும் ஏராளம். அதே சமயம், காப்பது என்றால் கைபடாமல் வைத்திருப்பது என்று பர்க் நினைக்கவில்லை. தூர்வாராத ஏரி சில பத்தாண்டுகளில் ஆடு மேயும் தரையாகும். மாற்றிக்கொள்ள வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் வேலைக்கு நம்மிடம் குடிமராமத்து என்று ஒரு சொல்லே உண்டு.

இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்த உயிலில் எங்கள் தெருவின் பெயர் இருந்ததா?” என்று கேட்டான். அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் பெயர் வாங்கி மதகைத் திறந்து மூடிக் கரையைக் காத்தவர்கள் பல ஊர்களில் தலித் மக்கள். ஊர்ப் பொதுக் குளத்தில் குடிநீர் எடுக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. மறுநாள் வகுப்பில் பம்பாய் மாகாணத்து மகாத் என்ற ஊரின் கதையைச் சொன்னேன். பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் பொது என்று 1923-இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானம் போட்டிருந்தது, மகாத் நகராட்சியும் அதை ஏற்றிருந்தது, ஆனாலும் யாரும் சவுதார் குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய் அந்த நீரை அள்ளிக் குடித்தார்கள். அடி விழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், வழக்கும் போட்டார்கள். வழக்காடியவர்களின் வாதம் பழமைவாதத்தைப் பிழிந்தெடுத்த சாறு: இது தொன்றுதொட்டு வரும் வழக்கம். 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தொன்மை மெய்ப்பிக்கப்படவில்லை என்று தள்ளிவிட்டது. பழமை பேசுகிறவரிடம் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை என்று அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி ஆம், பாதி இல்லை. எதைக் காப்பது என்பது அந்தந்த ஊருக்கு என்ன சொத்து வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. நமக்கு வந்த சொத்தில் ஏரியும் இருந்தது, யார் அதில் இறங்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. இரண்டையும் பிரிக்க மறுத்தவர்களே இங்கே அதிகம் சத்தம் போட்டார்கள். அதனால் சொல் கெட்டது.

அமெரிக்காவுக்கு வந்த சொத்து வேறு. அவர்களுக்கு அரசர் இல்லை, அரசு மதம் இல்லை, குறுநில மன்னர் இல்லை. 1776-இன் விடுதலைப் பிரகடனம், 1787-இல் எழுதிய அரசமைப்பு, 1791-இல் சேர்த்த உரிமைச் சாசனம் ஆகியவைதாம் அவர்களுடைய பெரிய ஏரிகள். வெட்டியவர்கள் வரி கட்ட மறுத்த கலகக்காரர்கள். அங்கே முன்னோர் விட்டுப்போனதைக் காப்பேன் என்பவர் அரசாங்கத்தின் மீதான சந்தேகத்தைத்தான் காக்கிறார். ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள்: தொழிலாளர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டை 1883-இல் கொண்டுவந்தவர் பிஸ்மார்க், அவரைவிடப் பழுத்த பழமைவாதியை ஐரோப்பாவில் தேட வேண்டும். முடியாட்சியைக் காக்க, சோஷலிஸ்ட்டுகளின் காலுக்குக் கீழிருந்து கம்பளத்தை உருவ அதைச் செய்தார். அதே போன்ற திட்டத்தை அமெரிக்கப் பழமைவாதி தலைமுறை தலைமுறையாய் எதிர்த்திருக்கிறார். இருவரும் தங்கள் ஊர்ப் பரம்பரைக்கு விசுவாசமாகவே இருந்தார்கள்.

உங்கள் அண்ணனின் பட்டியலில் வரியும் துப்பாக்கியும் இந்த ஒரே வேரிலிருந்து வருபவை: அரசிடம் பணமும் ஆயுதமும் மொத்தமாகச் சேரவிடாதே. கருக்கலைப்பு எதிர்ப்பு இந்த வேரிலிருந்து வரவில்லை. அது அரசை மருத்துவமனைக்குள் அழைக்கிறது. கருவும் உயிர், உயிரைக் காப்பது சட்டத்தின் முதல் கடமை என்ற சமய நம்பிக்கையிலிருந்து அது வருகிறது. அந்த நம்பிக்கையை ஏற்காதவரும் அதற்குள் ஒரு தர்க்கம் இருப்பதை ஒப்புக்கொள்ளலாம். இரண்டும் வேறு வேறு மரங்கள். ஒட்டு மாங்கன்று கட்டுவதைப் போல அவற்றை ஒன்றாகக் கட்டினார்கள். 1955-இல் வில்லியம் பக்லி என்ற எழுத்தாளர் தொடங்கிய ‘நேஷனல் ரிவ்யூ’ இதழைச் சுற்றி இந்த வேலை நடந்தது. சந்தைச் சுதந்திரத்தையும் சமய ஒழுக்கத்தையும் இணைத்துக் காட்ட ஃபிராங்க் மேயர் என்பவர் ஒரு கோட்பாடே எழுதினார். கட்டிய கயிறு எது என்றால், சோவியத் ஒன்றியத்தின் மீதான அச்சம். நாத்திகமும் பொதுவுடைமையும் ஒரே எதிரியிடம் இருந்ததால், கோயிலுக்குப் போகிறவரும் கடை வைத்திருப்பவரும் ஒரே பந்தலில் உட்கார முடிந்தது.

இந்த ஒட்டு இயற்கையானதன்று என்பதற்கு ரொனால்ட் ரீகனைவிடச் சிறந்த சான்று இல்லை. இன்றைய அமெரிக்கப் பழமைவாதிகள் வீட்டுக் கூடத்தில் மாட்டிவைக்கும் படம் அவருடையது. அவர் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்தபோது என்ன கையெழுத்திட்டார் என்று பாருங்கள். 1967-இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டம். அதே ஆண்டில், கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள் துப்பாக்கியோடு ரோந்து வந்ததை ஒட்டி, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் சட்டம். 1969-இல் யார்மீதும் குற்றம் சாட்டாமலே மணவிலக்கு பெறலாம் என்ற சட்டம். கருக்கலைப்புச் சட்டத்துக்காகப் பின்னாளில் வருந்தினார் என்பதும் உண்மைதான். இன்னொன்று: 1973-இல் கருக்கலைப்பு உரிமையை அறிவித்த ரோ தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், இன்று பழமைவாதிகளின் கட்சியாக இருக்கும் குடியரசுக் கட்சியின் அதிபர் நிக்சன் நியமித்தவர். தெற்கத்திய பாப்டிஸ்ட் திருச்சபைகளின் மாநாடே 1971-இல் சில சூழல்களில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. துப்பாக்கி விஷயத்திலும், ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-இல்தான், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். உங்கள் அண்ணன் தாத்தா காலத்துச் சொத்து என்று நினைக்கும் இந்த மூட்டை, பெரும்பாலும் உங்கள் அப்பா காலத்தில் கட்டப்பட்டது.

இதுவரை சொன்னவை ஆவணத்தில் இருப்பவை. ஏன் கட்டினார்கள் என்பதில்தான் ஆய்வாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ரோ தீர்ப்பு சுவிசேஷக் கிறிஸ்தவர்களைத் தட்டி எழுப்பியது, அதனால் 1979-இல் ஜெர்ரி ஃபால்வெல் போன்ற போதகர்கள் அரசியல் அமைப்பு தொடங்கினார்கள் என்பது ஒரு தரப்பு. கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத அல்லது ஒதுக்கிவைத்த கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கை 1970-களில் அரசு பறிக்கத் தொடங்கியதுதான் உண்மையான தூண்டுகோல், கருக்கலைப்பு பிறகு சேர்த்த முகம் என்பது மறுதரப்பு. இரண்டாவதற்கு வலுவான சான்றுகள் உண்டு, ஆனால் கத்தோலிக்கர்கள் தொடக்கத்திலிருந்தே கருக்கலைப்பை எதிர்த்ததை அது விளக்குவதில்லை. யாராவது உங்களிடம் ‘எல்லாமே இனவெறிதான்’ என்றோ ‘எல்லாமே பக்திதான்’ என்றோ அடித்துச் சொன்னால், அவர் கதையில் பாதியை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோவியத் ஒன்றியம் 1991-இல் மறைந்ததும் கயிறு அறுந்தது. ஒட்டு உடனே பிரிந்துவிடவில்லை, ஆனால் இலை வாடத் தொடங்கியது. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்கு 1993-இல் கீழவையில் ஜனநாயகக் கட்சியினரைவிடக் குடியரசுக் கட்சியினரே அதிகமாக வாக்களித்தார்கள். அந்தக் கட்சியின் இன்றைய தலைவர் டிரம்ப் இறக்குமதி வரியைத் தன் அரசியலின் நடுவில் வைத்திருக்கிறார். கருக்கலைப்பு விஷயத்தில் 2022 ஜூனில் ரோ தீர்ப்பு வீழ்ந்தது. ஐம்பதாண்டுப் போராட்டம் வென்றது. ஒன்றரை மாதம் கழித்து, அதிபர் தேர்தல்களில் பல பத்தாண்டுகளாகக் குடியரசுக் கட்சிக்கே வாக்களிக்கும் கான்சஸ் மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஏறத்தாழ 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கட்சிக்கு வாக்களிப்பவர் மூட்டையை முழுதாகத் தூக்கிக்கொண்டு போவதில்லை. இதை உங்கள் அண்ணனுக்கும் பொருத்திப் பாருங்கள். இந்தியாவில் 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது, எந்தத் தேர்தலிலும் அது பேசுபொருள் ஆனதாக எனக்கு நினைவில்லை. இங்கே நம்மை உலுக்கியது பெண்சிசுக் கொலையும் கருவிலேயே பால் பார்த்து அழிப்பதும்தான். ஊரில் இருந்தபோது உங்கள் அண்ணனுக்கு இதில் ஒரு கருத்தே இருந்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன். போன இடத்தில் சட்டையோடு கூடவே கிடைத்த பொத்தான் அது.

குடியேற்றத்துக்கு வருவோம். ரீகன் 1986-இல் கையெழுத்திட்ட சட்டத்தால், ஆவணமின்றி வசித்த ஏறத்தாழ 27 லட்சம் பேர் சட்டப்படியான குடியிருப்பு பெற்றார்கள். சந்தையை நம்பிய பழமைவாதிக்கு அன்று குடியேறி வருபவர் உழைக்கும் கை. தேசப் பண்பாட்டை முன்னிறுத்தும் இன்றைய பழமைவாதிக்கு அவர் அந்நியர். உங்கள் அண்ணனின் கோபத்தை நான் கபடம் என்று சொல்ல மாட்டேன். கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால் இந்தியாவில் பிறந்தவர்கள் பல பத்தாண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள். கால் கடுக்க நின்றவருக்கு வேலி தாண்டி வந்தவர்மீது எரிச்சல் வருவது மனித இயல்பு, நம் ரேஷன் கடை வாசலிலும் பார்க்கலாம். அவர் கவனிக்க வேண்டியது வேறு. வேலி தாண்டியவருக்கு எதிராக எழுந்த குரல் வரிசையில் நிற்பவரையும் விட்டுவைக்கவில்லை. 2024 டிசம்பரில், திறன்மிக்க வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான எச்-1பி விசாவைக் குறித்து டிரம்பின் ஆதரவாளர்களே இரண்டாகப் பிரிந்து மோதினார்கள். அது வேண்டும் என்று எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் ஒரு பக்கம், கூடாது என்று டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானன் போன்றோர் மறுபக்கம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டில் இப்படி ஒரு கட்சி இருந்ததா என்றும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். இருந்தது, சென்னையில்தான் பிறந்தது. 1959 ஜனவரியில் நாக்பூரில் காங்கிரஸ் கூட்டுப்பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டதும், எண்பது வயதில் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். லைசென்ஸ், பர்மிட் ராஜ்யம் என்று அவர் சூட்டிய பெயர் இன்றும் நாளிதழ்களில் புழங்குகிறது. 1967-இல் மக்களவையில் 44 இடங்களோடு மிகப்பெரிய எதிர்க்கட்சியாக அமர்ந்தது. பொருளாதாரத்தில் ராஜாஜியும் உங்கள் அண்ணனும் கைகுலுக்கிக்கொள்வார்கள். அடுத்த நிமிடமே சண்டை வரும். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். 1971-இல் அதைத் தளர்த்த வேண்டாம் என்று, தொண்ணூற்றிரண்டு வயதில், கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய்க் கேட்டுக்கொண்டவர். மக்கள் என்ன குடிக்கலாம் என்று அரசு சொல்லலாம், என்ன விதைக்கலாம் என்று சொல்லக் கூடாது! அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி 1962-இல் கென்னடியைச் சந்தித்தவரும் அவரே. மகளைச் சாதி கடந்து காந்தியின் மகனுக்கு மணமுடித்தார். 1939-இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார். இவரைச் சாதிப் பழமைவாதி என்ற பெட்டிக்குள் அடைக்க முடியாது என்று மாணவர்களிடம் சொல்வேன். உடனே, ‘குலக்கல்வி?’ என்று பத்துக் குரல் எழும்.

நியாயமான குரல்தான். 1953-இல் அவர் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்பது எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர். அரசாணையில் சாதி இல்லை. பள்ளிக்கூடங்களும் பணமும் போதாத காலத்தில் ஷிப்ட் முறையில் இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் கணக்கு. தகப்பனின் கைத்தொழிலும் ஒரு சொத்துத்தானே என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது என்று நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு, அவருடைய மனத்துக்குள் புகுந்து பார்த்தவன் இல்லை. ஆனால் நெசவாளியின் மகனுக்கும் வக்கீலின் மகனுக்கும் வந்து சேரும் சொத்து ஒன்றா? மலம் அள்ளியவரின் மகனுக்கு அந்த மீதி நேரத்தில் என்ன கற்றுத்தருவது? பின்வரிசை மாணவனின் கேள்விதான் இங்கே மாநிலம் முழுவதும் கேட்டது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போயிற்று. அவ்வளவு கூர்மையான மூளைக்கு அந்த ஒரு கேள்வி முன்கூட்டியே ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இன்றைய பாரதிய ஜனதா கட்சியை கன்சர்வேடிவ் என்று ஆங்கில நாளிதழ்கள் எழுதுகின்றன. நான் பண்பாட்டுத் தேசியவாதக் கட்சி என்பேன். ஒரே சட்டத்தால் நாடு முழுவதும் குடும்ப வழக்கங்களைச் சீர்படுத்தலாம் என்ற பொது சிவில் சட்டக் கோரிக்கை, பர்க் வழிவந்த பழமைவாதிக்குக் கூச்சம் தர வேண்டிய ஒன்று. என்னோடு பணிபுரிந்த இருவர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். அவர்கள் வாதத்திலும் சாரம் உண்டு என்பதால் இதை முடிந்த விஷயமாகச் சொல்லவில்லை.

உங்கள் கடைசி வரிக்கு இப்போது பதில் சொல்லலாம். கொள்கை இருக்கிறது. ஒன்றுக்கு மேல் இருக்கிறது, அவை ஒன்றையொன்று இடிக்கின்றன. பிடிக்காதவர்களின் பட்டியலும் சிலரிடம் இருக்கிறது. எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகையால் அண்ணனிடம் நான்கையும் ஒரே மூச்சில் எதிர்க்காதீர்கள். எதிர்த்தால் நான்கையும் ஒரே மூச்சில் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுவீர்கள். வரியிலிருந்து தொடங்குங்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதற்கு ஈடாக வீட்டுச் சொத்து வரி கடுமை. வீடு வாங்கியவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ரசீதுதான் அவரைக் கட்சி சேர்த்திருக்கவும் கூடும். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கும்போது சட்டத்தைக் கேட்காமல் அவர் வீட்டில் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே பெரியவர்கள் பெரும்பாலோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி ஏந்தலாம், ஏழு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் அது கொள்கையைவிட அவசரமான செய்தி. கருக்கலைப்பை அம்மா முன்னால் எடுக்க வேண்டாம். அங்கே தடை ஏறத்தாழ முழுமையானது, அதை வாதத்தில் வெல்வதால் உங்கள் இருவருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எல்லையைப் பற்றிய பேச்சு வரும்போது இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை அந்நாட்டுக் குடிமகன் என்பது 1868-இன் பதினான்காம் திருத்தம். சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த சீனத் தம்பதியரின் மகன் ஒருவருக்காக 1898-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை இதைச் சுருக்கப் பார்த்தது. ஆவணமில்லாத பெற்றோரின் பிள்ளைகளோடு, தாய் தற்காலிக விசாவில் இருந்து தந்தைக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத பிள்ளைகளையும் அது சேர்த்தே குறிவைத்தது. நீதிமன்றங்களில் அது தொடக்கத்திலேயே தடைகளைச் சந்தித்தது. உங்கள் அண்ணன் மகள் பிறந்தபோது அவர்கள் இருவரும் விசாவில்தான் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணை அதற்குப் பிறகு பிறப்பவர்களுக்கு மட்டும் என்பதால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நின்ற இந்தக் கலங்கலை உயர்த்தலாமா என்று ஒரு கன்சர்வேடிவாக அவர் என்ன நினைக்கிறார்? சண்டையாக இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேளுங்கள். என்ன சொன்னார் என்று முடிந்தால் இங்கே எழுதுங்கள், எனக்கும் ஆவலாக இருக்கிறது.